ரத்தம் எங்கும் ஓடுகிறது, ஈரலை மட்டும் ஏன் பிடிக்கிறது?

"அக்கா, ரத்தம் உடம்பு முழுக்கத்தானே ஓடுது? அப்புறம் எப்படி இது ஈரலை மட்டும் பிடிக்குது?" என் சித்தி மகன் இப்படிக் கேட்டான். அவனுக்குக் கத்தாரில் ஏசி மெக்கானிக் வேலை உறுதியாகியிருந்தது. விசாவுக்கான மெடிக்கலில், ஈரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸ் பாசிட்டிவ் என்று வந்து 'அன்ஃபிட்' ஆகிவிட்டான். வளைகுடாவை நம்பிக் கடன் வாங்கியிருக்கிற வீடுகளுக்கு அந்த ஒரு சொல் என்ன செய்யும் என்று இதைப் படிக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நான் ஒரு லேபில் டெக்னீஷியன். மறுபடி ஒரு முறை பார்த்துவிடலாம் என்று என்னிடம் வந்தான். டெஸ்ட் கார்டில் சீரம், அதாவது ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீர், சொட்டுகளை விட்டால் ஈரம் மெல்ல மேலே ஏறும். 'சி' என்ற இடத்தில் எப்போதும் ஒரு கோடு வரும். அது வந்தால்தான் கார்டு வேலை செய்கிறது என்று அர்த்தம். பாசிட்டிவ் என்றால் 'டி' என்ற இடத்திலும் ஒரு கோடு தெரியும். வைரஸ் அதிகமாக இருக்கிறவர்களுக்குப் பதினைந்து நிமிடம் காத்திருக்கவே வேண்டாம், ஈரம் கடக்கும்போதே 'டி' கோடு சிவந்துவிடும். அவனுக்கு அப்படித்தான் வந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் அந்தக் கேள்வியைக் கேட்டான்.

டாக்டரிடமும் அதையே கேட்டிருக்கிறான். வெளியே ஐம்பது பேர் காத்திருக்கும் ஓபியில் அவர் "அதுக்குப் பிடிச்ச இடம் ஈரல்தான்" என்று சொல்லி, அடுத்து எடுக்க வேண்டிய டெஸ்ட்களை எழுதிக்கொடுத்தார். அவருக்கு இருந்த நேரத்தில் அதற்கு மேல் சொல்ல முடியாது. எனக்குத்தான் அந்தக் கேள்வி இறங்கவே இல்லை. நாள் முழுக்க நான் கையாளுவது ரத்தம். அதில் மிதக்கும் வைரஸ் மூளைக்கும் போகிறது, சிறுநீரகத்துக்கும் போகிறது, கால் கட்டைவிரலுக்கும் போகிறது. எல்லா இடத்தையும் கடந்துபோய் ஒரே ஓர் உறுப்பின் செல்லுக்குள் மட்டும் ஏன் நுழைகிறது? இதைப் பற்றிப் படிக்கத் தொடங்கியபோது, வைரஸைத் தொடாமல் நம் செல்லின் வாசலை மூடும் மருந்துகள் இருப்பது தெரியவந்தது. எங்கள் லேபின் சீனியர் ஒருவரிடம் சொன்னேன். "கிருமியை அடிக்கணும்மா, உடம்புல கை வைக்கக் கூடாது" என்றார். முப்பது வருடத்துக்கு மேல் இந்தத் தொழிலில் இருக்கிறவர், சும்மா சொல்லமாட்டார். தம்பியின் கேள்வியும் அவருடைய கருத்தும் சேர்ந்து என்னை விடாமல் உறுத்தின. இந்தப் பதிவு அந்த இரண்டையும் பற்றியது.

அதற்கு முன் வீட்டில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். ரிசல்ட் வந்த அன்றே சித்தி அவனிடம், "யாரோட சேர்ந்து சுத்தினே? உண்மையைச் சொல்லு" என்று ஆரம்பித்துவிட்டார். சித்தப்பா பேசவே இல்லை. அது இன்னும் மோசம். வீட்டில் எல்லோரும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பார்த்தபோது சித்தியின் கார்டிலும் இரண்டு கோடு. அதற்கு முன் அவருக்கு யாரும் அந்த டெஸ்ட் எடுத்ததில்லை. உடம்புக்கும் ஒன்றும் வந்ததில்லை. பிறக்கும்போது தாயிடமிருந்து தொற்றினால் பத்துக் குழந்தைகளில் ஒன்பதுக்கு அது உடம்பிலேயே தங்கிவிடும். வளர்ந்தவர்களுக்குத் தொற்றினால் நூற்றில் ஐந்து பேருக்கும் குறைவாகத்தான் தங்கும், மற்றவர்களின் உடம்பு அதை விரட்டிவிடும். அவனுக்கு எப்போது வந்திருக்கும் என்பதைச் சொல்ல இந்தக் கணக்கே போதும். சித்தி அதைக் கேட்டுவிட்டு, "இத்தனை வருஷமா எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்று மட்டும் சொன்னார். உலக சுகாதார நிறுவனம் 2022க்குக் கொடுத்த கணக்கில் இந்தியாவில் 2.98 கோடிப் பேர் ஹெபடைட்டிஸ் பி உடனும் 55 லட்சம் பேர் ஹெபடைட்டிஸ் சி உடனும் வாழ்கிறார்கள். அதில் பெரும்பாலானவர்களுக்குச் சித்திக்குத் தெரியாத மாதிரியே தெரியாது.

ரத்தக் கரையில் ஒரு செல்

குடலிலிருந்து கிளம்பும் ரத்தம் நேராக இதயத்துக்குப் போவதில்லை. போர்ட்டல் சிரை என்ற ரத்தக் குழாய் வழியாக முதலில் கல்லீரலுக்கு வருகிறது. கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் முக்கால் பங்கு இப்படி வருவதுதான். உள்ளே மிக நுண்ணிய குழாய்களில் அது மெதுவாக ஊர்கிறது. உடம்பின் பெரும்பாலான இடங்களில் ரத்தக் குழாயின் சுவர் இறுக்கமாக இருக்கும். இங்கே சுவரிலேயே ஓட்டைகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 100 நானோமீட்டர் அகலம். அதற்கு அப்பால் ஒரு சின்ன இடைவெளி, அதைத் தாண்டியதும் கல்லீரல் செல். உணவில் வந்த கொழுப்பையும் மருந்தையும் நஞ்சையும் அந்த செல் ரத்தத்திலிருந்து தானே எடுத்துக்கொள்ள வேண்டியிருப்பதால்தான் இந்தத் திறந்த அமைப்பு. ஹெபடைட்டிஸ் பி வைரஸின் குறுக்களவு 42 நானோமீட்டர். அந்த ஓட்டை வழியாக அது தாராளமாகப் போகும். செல்லின் மேற்பரப்பில் ஹெப்பரான் சல்பேட் என்ற சர்க்கரைச் சங்கிலிகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. வைரஸ் முதலில் அதில் தளர்வாக ஒட்டுகிறது. ஒட்டினால் மட்டும் உள்ளே போய்விட முடியாது.

உள்ளே போக அது பிடித்துக்கொள்ளும் இடம் எது என்பது பல ஆண்டுகளாகத் தெரியாமலே இருந்தது. வைரஸின் மேலுறைப் புரதம் 1960களிலேயே கண்ணில் பட்டுவிட்டது. பாரூக் பிளம்பெர்க் அதற்காக 1976இல் நோபல் பரிசும் வாங்கிவிட்டார். தடுப்பூசி வந்தது, மாத்திரை வந்தது. வாசல் மட்டும் பிடிபடவில்லை. லேபில் எளிதாக வளரும் கல்லீரல் செல்களுக்குள் இந்த வைரஸ் நுழையாது என்பதுதான் சிக்கல். மனிதக் கல்லீரலிலிருந்து புதிதாக எடுத்த செல்லில் நுழையும், ஆனால் அந்த செல்கள் கொஞ்ச நாளில் தம் குணத்தை இழந்துவிடும். பெய்ஜிங்கில் வென்ஹுய் லீயின் குழு துபாயா என்ற மர மூஞ்சூறின் கல்லீரல் செல்களை எடுத்துக்கொண்டது. மனிதர்களை விட்டால் இந்த வைரஸுக்கு இடம் கொடுக்கும் மிகச் சில விலங்குகளில் அதுவும் ஒன்று. வைரஸின் மேலுறையில் ப்ரீ-எஸ்1 என்றொரு பகுதி உண்டு. நுழைவதற்கு அது அவசியம் என்று ஏற்கெனவே தெரியும். அந்தத் துண்டைத் தூண்டிலாகப் போட்டு, செல்லின் எந்தப் புரதம் அதைப் பற்றுகிறது என்று பார்த்தார்கள். 2012 நவம்பரில் முடிவு வெளியானது. மாட்டிய புரதத்தின் பெயர் என்டிசிபி.

இந்தப் பெயரைப் படித்ததும் எனக்குத் தம்பியின் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிட்டது. என்டிசிபி பித்த அமிலத்தை உள்ளே இழுக்கும் புரதம். கல்லீரல் பித்த அமிலத்தைச் சுரந்து குடலுக்கு அனுப்புகிறது. அது அங்கே கொழுப்பைக் கரைத்து முடித்ததும் ஏறக்குறைய 95 சதவீதம் மறுபடி உறிஞ்சப்பட்டு, ரத்தம் வழியாகக் கல்லீரலுக்கே திரும்பி வருகிறது. இந்தச் சுற்று ஒரு நாளில் பல முறை நடக்கும். திரும்பி வரும் பித்த அமிலத்தை ரத்தக் கரையில் நின்று உள்ளே எடுத்துக்கொள்ளும் முக்கியமான ஆள் என்டிசிபி. அந்த வேலை கல்லீரல் செல்லுக்கு மட்டுமே உரியது. அதனால் அந்தப் புரதமும் கிட்டத்தட்ட அங்கே மட்டும்தான். கால் கட்டைவிரலில் இருக்கும் செல்லுக்குப் பித்தத்தோடு என்ன வேலை? வைரஸ் அங்கேயும் போகத்தான் செய்கிறது. பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாமல் ரத்தத்தோடு கடந்து போய்விடுகிறது.

ஹெபடைட்டிஸ் சி வைரஸுக்குப் பிக்கு எந்த உறவும் இல்லை. பியின் மரபுப்பொருள் டிஎன்ஏ, சியுடையது ஆர்என்ஏ. ஆனால் சியும் இதே கரையில்தான் வந்து நிற்கிறது. வரும்போது நம் உடம்பின் கொழுப்புப் புரதங்களைப் போர்த்திக்கொண்டு வருகிறது. கல்லீரல் செல்லுக்கு ரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை எடுத்துக்கொள்ளும் வேலையும் உண்டு. அதற்கான எஸ்ஆர்-பி1 என்ற புரதம் இந்த வைரஸையும் தொடுகிறது. அடுத்தது சிடி81, 1998இல் தெரியவந்தது. அப்புறம் கிளாடின்-1, 2007இல். ஆக்ளூடின், 2009இல். கடைசி இரண்டும் பக்கத்துப் பக்கத்து செல்களை ஒன்றோடொன்று இறுக்கித் தைக்கும் புரதங்கள், பித்தம் ரத்தத்தில் கசியாமல் பார்த்துக்கொள்பவை. இவற்றைத் தனித்தனியாகப் பார்த்தால் உடம்பில் வேறு இடங்களிலும் கிடைக்கும். சிடி81 பெரும்பாலான செல்களில் உண்டு. நான்கும் சரியான அளவில் ஒரே செல்லில் இருந்து, உள்ளே போன பிறகு வைரஸ் பெருகத் தேவையான மைஆர்-122 என்ற சிறிய ஆர்என்ஏவும் நிறைய இருப்பது கல்லீரல் செல்லில்தான். தம்பியின் கேள்விக்கு மீதிப் பாதி விடை இது.

செல் ஏன் உள்ளே இழுக்கிறது

இதுவரை சொன்னது பிடித்துக்கொள்வதைப் பற்றி. என்னை உண்மையில் பிடித்து உட்கார வைத்தது அடுத்த படி. சி வைரஸுக்கு ஒரு கஷ்டம் இருக்கிறது. அது தொடும் சிடி81 ரத்தத்தைப் பார்த்த பக்கத்தில் இருக்கிறது. கிளாடினும் ஆக்ளூடினும் அதிகமாகக் கூடியிருப்பது இரண்டு செல்கள் சேரும் இடுக்கில். வைரஸுக்குக் கால் கிடையாது. ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு அதை யார் கொண்டுபோகிறார்கள்? கொண்டுபோன பிறகு செல்லின் சவ்வைக் குழியாக்கி உள்ளே இழுப்பது யார்?

2011இல் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் தாமஸ் பௌமெர்ட்டின் குழு இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தது. நான் பல முறை திரும்பத் திரும்பப் படித்த ஆய்வு அது. செல்லுக்குள் செய்தி கடத்துவதற்கென்றே கைனேஸ் என்ற நொதிகள் நூற்றுக்கணக்கில் உண்டு. ஒன்று இன்னொன்றின் மேல் ஒரு பாஸ்பேட்டை ஒட்டும், அது விழித்துக்கொண்டு அடுத்ததன் மேல் ஒட்டும். சமிக்ஞை என்று சொல்வது இந்தச் சங்கிலியைத்தான். அவர்கள் கல்லீரல் செல்களில் இந்த கைனேஸ்களை ஒவ்வொன்றாக அமுக்கிவிட்டு, ஒவ்வொரு முறையும் வைரஸ் நுழைகிறதா என்று பார்த்தார்கள். வைரஸைத் தொடவே இல்லை. அது வந்து ஒட்டும் புரதங்களையும் தொடவில்லை. செல்லுக்குள் நடக்கும் பேச்சை மட்டும் ஓரோர் இழையாக நிறுத்திப் பார்த்தார்கள். சில இழைகள் நின்றபோது வைரஸ் வெளியிலேயே நின்றுவிட்டது. அவற்றில் முக்கியமானவை இரண்டு கைனேஸ்கள்: ஈஜிஎஃப்ஆர், எஃப்-ஏ2.

ஈஜிஎஃப்ஆர் என்பது செல்லை வளரச் சொல்லும் செய்தியைப் பெறும் ஏற்பி. அந்தச் செய்தியைக் கொண்டுவரும் ஈஜிஎஃப் என்ற புரதத்தை முதலில் பிரித்தெடுத்தவர் ஸ்டான்லி கோஹென். எலியின் உமிழ்நீர்ச் சுரப்பிச் சாற்றைப் பிறந்த எலிக்குஞ்சுகளுக்கு ஊசியில் ஏற்றியபோது அவை உரிய நாளுக்கு முன்பே கண் திறந்தன. அந்த ஒரு கவனிப்பைப் பிடித்துக்கொண்டு போய்த்தான் அதைக் கண்டுபிடித்தார். 1986இல் நோபல் பரிசும் பெற்றார். தோல் புதுப்பிப்பதற்கும், வெட்டிய கல்லீரல் மறுபடி வளர்வதற்கும் ஈஜிஎஃப்ஆர் வேண்டும். ஸ்ட்ராஸ்பூர்க் குழு அந்த ஈஜிஎஃப்பைச் செல்களின் மேல் ஊற்றியபோது சி வைரஸ் முன்பைவிட அதிகமாக நுழைந்தது. எர்லோட்டினிப் கொடுத்து ஈஜிஎஃப்ஆரை அடக்கியபோது நுழைவு சரிந்தது. எர்லோட்டினிப் நுரையீரல் புற்றுநோய்க்கு ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கும் மாத்திரை. மனிதக் கல்லீரல் செல்களைத் தாங்கிய எலிகளுக்கு அதைக் கொடுத்தபோது தொற்று பிடிப்பது தாமதமானது. இவ்வளவிலும் வைரஸ் செல்லில் ஒட்டுவது மட்டும் குறையவில்லை. ஒட்டியபின் சிடி81உம் கிளாடின்-1உம் ஒன்றுசேர்வதுதான் நின்றுபோனது. அந்த இரண்டையும் ஒன்றாக நகர்த்துவது ஈஜிஎஃப்ஆரின் சமிக்ஞை.

2018இல் கிளென் ராண்டலின் குழு சிகாகோவில் இதைக் கண்ணால் பார்த்தது. தட்டையான தட்டில் வளர்த்த செல்லுக்கு எந்தப் பக்கம் ரத்தம், எந்தப் பக்கம் பித்தம் என்று தெரியாது. அதனால் செல்களை முப்பரிமாணக் கொத்தாக, அசல் கல்லீரல் மாதிரியே பக்கம் பிரித்து நிற்க வளர்த்தார்கள். ஒளிரும் வைரஸை விட்டு ஒவ்வொரு துகளாகப் பின்தொடர்ந்தார்கள். ரத்தப் பக்கத்தில் எஸ்ஆர்-பி1, சிடி81, ஈஜிஎஃப்ஆர் மூன்றோடும் அது இருந்தது. பின் செல்லின் உட்கூடான ஆக்டின் இழைகளின் உதவியால் இடுக்குக்கு நகர்ந்தது. அங்கே முதலில் கிளாடின், அப்புறம் ஆக்ளூடின். கடைசியில் சவ்வு குழிந்து, கிளாத்ரின் என்ற புரதம் அந்தக் குழியைச் சுற்றிப் பின்ன, வைரஸ் உள்ளே இழுக்கப்பட்டது. ஈஜிஎஃப்ஆர் இல்லாமல் அந்தக் கடைசி இழுப்பு நடக்காது.

ஏன் நடக்காது என்பதில்தான் என் கவனம் நின்றுவிட்டது. ஈஜிஎஃப்ஆர் செய்தியைப் பெற்றதும் அதைக் கத்திக்கொண்டே இருக்க விடக்கூடாது. வளர்ச்சிச் செய்தி நிற்காமல் போனால் புற்றுநோயில் கொண்டுபோய் விடும். அதனால் செய்தி கிடைத்த கையோடு செல் அந்த ஏற்பியைச் சவ்வோடு சேர்த்து உள்ளே இழுத்து அடக்கிவிடும். தினமும் நடக்கிற, மிக அவசியமான ஒழுங்கு அது. வைரஸ் சிடி81ஐத் தொட்டு, செய்தி வந்த மாதிரி ஈஜிஎஃப்ஆரை எழுப்பிவிடுகிறது. செல் வழக்கம்போல் ஏற்பியை உள்ளே இழுக்கிறது. கூடவே ஒட்டிக்கொண்டிருக்கும் வைரஸும் உள்ளே போகிறது. ஒரு வருடம் கழித்து, 2019இல், ஜப்பானில் கோய்ச்சி வடாஷியின் குழு ஹெபடைட்டிஸ் பியிலும் இதையே கண்டது. என்டிசிபியில் வைரஸ் மாட்டிய பிறகு அதை உள்ளே கொண்டுபோவது ஈஜிஎஃப்ஆர். அதை அடக்கினால் வைரஸ் வெளியே ஒட்டியபடியே நிற்கிறது. ஒன்றோடொன்று உறவில்லாத இரண்டு வைரஸ்கள் ஒரே ஒழுங்கைப் பிடித்து உள்ளே போகின்றன.

சித்தியிடம் இதைச் சொன்னேன், புரிகிற அளவுக்கு. "அப்போ என் ஈரல் சரியா வேலை செஞ்சதாலதான் வந்துச்சா?" என்றார். அது முழுக்கச் சரியான வாக்கியம் என்றுதான் நான் நினைக்கிறேன். வீட்டில் அவனைப் பிடித்துக் கேட்ட கேள்விகளும், வெளியில் யாரிடமும் சொல்லாதே என்று போட்ட உத்தரவும் எங்கிருந்து வந்தன என்று எனக்குத் தெரியும். நோய் என்றால் எங்கோ ஒரு தப்பு நடந்திருக்க வேண்டும் என்று நாம் நினைத்துவிடுகிறோம். இங்கே அந்தத் தப்பைத் தேடி செல்லுக்குள்ளேயே போய்ப் பார்த்தாலும் கிடைக்காது. பித்த அமிலத்தை எடுத்துக்கொண்டது, கொலஸ்ட்ராலை எடுத்துக்கொண்டது, சமிக்ஞையை உரிய நேரத்தில் அடக்கியது, அவ்வளவுதான்.

இன்னொரு விஷயத்தையும் இங்கே சொல்லத் தோன்றுகிறது. கொசு கடித்ததும் ரத்தத்தில் இறங்கும் மலேரியாக் கிருமி முதலில் போய் ஒளிந்துகொள்வதும் கல்லீரல் செல்லில்தான். அது வைரஸே இல்லை, தனக்கென்று கருவும் தானே நகரும் வலுவும் உள்ள ஒட்டுண்ணி. அதன் நுழைவுக்கும் சிடி81 வேண்டும் என்று 2003இல் தெரிந்தது, எஸ்ஆர்-பி1 என்று 2008இல், எஃப்-ஏ2 என்று 2015இல். சி வைரஸின் பட்டியலில் இருந்த அதே பெயர்கள். இதை முதலில் படித்தபோது வேறு ஏதோ ஆய்வைத் திறந்துவிட்டேனோ என்று தலைப்பை மறுபடி பார்த்தேன்.

எந்த வாசலை மூடலாம்?

இப்போது எங்கள் சீனியரின் கருத்துக்கு வருகிறேன். உடம்பில் கை வைக்கக் கூடாது என்பதற்கு அவர் பக்கம் வலுவான காரணம் இருக்கிறது. எர்லோட்டினிப் சாப்பிடும் நோயாளிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முகம், மார்பு முழுக்கப் பரு மாதிரிக் கொப்புளம் வரும், வயிற்றுப்போக்கு நிற்காது. தோலும் குடலும் அந்த ஏற்பியை நம்பி வாழ்வதால் வரும் விளைவு அது. நுரையீரல் புற்றுநோய்க்கு அதைத் தாங்கிக்கொள்ளலாம். ஹெபடைட்டிஸ் சிக்கு எதற்கு? 2013 இறுதியில் சோஃபோஸ்புவிர் வந்த பிறகு, வைரஸை நேராக அடிக்கும் மாத்திரைகளை 12 வாரம் போட்டாலே நூற்றில் 95 பேருக்கு மேல் குணமாகிறார்கள். ஆகவே சி விஷயத்தில் சீனியர் சொன்னதே நடந்தது. கிருமியை அடித்தார்கள், முடிந்தது. ஸ்ட்ராஸ்பூர்க் ஆய்வின் பலன் மருந்துக்கடைக்கு வரவில்லை. அதற்காக அந்த ஆய்வைக் குறைத்துச் சொல்ல என்னால் முடியாது. வாசல் எப்படித் திறக்கிறது என்று நமக்குக் காட்டியது அதுதான்.

பியின் கதை வேறு. அதற்கு டெனோஃபோவிர், என்டிகாவிர் மாத்திரைகள் உண்டு. அவை வைரஸ் பெருகுவதை அமுக்கும். செல்லின் கருவுக்குள் போய் வட்டமாகச் சுருண்டு உட்கார்ந்துவிட்ட அதன் டிஎன்ஏவை எடுக்க முடியாது. அதனால்தான் பெரும்பாலானவர்கள் ஆண்டுக்கணக்கில் மாத்திரை சாப்பிட வேண்டியிருக்கிறது. பியின் உறையைக் கடன் வாங்கிக்கொண்டு பரவும் ஹெபடைட்டிஸ் டி என்று இன்னொன்று உண்டு. இத்தாலியின் டூரினில் மாரியோ ரிசெட்டோ 1977இல் கண்டது. பி இருக்கிற உடம்பில் இதுவும் சேர்ந்துகொண்டால் கல்லீரல் சுருங்குவது வேகமெடுக்கும். அதற்குச் சரியான மருந்தே இல்லாமல் இருந்தது. ஹைடல்பெர்க்கில் ஸ்டெஃபான் உர்பனின் குழு பி வைரஸின் அந்த ப்ரீ-எஸ்1 துண்டையே, 47 அமினோ அமில நீளத்துக்கு, செயற்கையாகச் செய்தது. நுனியில் வைரஸுக்கு இருப்பதுபோலவே ஒரு கொழுப்பு அமிலம். ஊசியில் போட்டால் அது போய் என்டிசிபியில் உட்கார்ந்துகொள்ளும். வைரஸ் வரும்போது இடம் இருக்காது. புலெவிர்டைட் என்ற பெயரில் 2020 ஜூலையில் ஐரோப்பாவில் அனுமதி கிடைத்தது. தினமும் தோலுக்கடியில் 2 மில்லிகிராம் ஊசி. 48 வாரச் சோதனையில், வைரஸ் நன்றாகக் குறைந்து, ஈரல் பாதிப்பைக் காட்டும் நொதியும் இயல்புக்குத் திரும்பியவர்கள் ஊசி போட்டவர்களில் 45 சதவீதம், போடாமல் காத்திருந்தவர்களில் 2 சதவீதம்.

பித்த அமிலத்தின் வாசலை மூடினால் என்ன ஆகும் என்ற பயம் எனக்கும் இருந்தது. ரத்தத்தில் பித்த அமிலம் ஏறுகிறது, டெஸ்டில் தெரிகிறது. ஆனால் பெரும்பாலானவர்களுக்கு அதனால் தொந்தரவு இல்லை. வேறு சில புரதங்களும் அந்த வேலையில் பங்கெடுப்பதால் சமாளித்துவிடுகிறது. இயற்கையே இதை முன்பு செய்து பார்த்தும் இருக்கிறது. பிறவியிலேயே என்டிசிபி வேலை செய்யாத ஒரு குழந்தையைப் பற்றி 2015இல் எழுதினார்கள். பித்த அமிலம் எக்கச்சக்கம், ஆனால் மஞ்சள் காமாலையும் இல்லை, அரிப்பும் இல்லை. கிழக்காசியாவில் சிலருக்கு அந்தப் புரதத்தில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது. அவர்களில் நாள்பட்ட ஹெபடைட்டிஸ் பி குறைவு. ஆக, உடம்பில் கை வைக்கலாமா கூடாதா என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை என்ற இடத்துக்கு நான் வந்துவிட்டேன். அந்த வாசல் வழியாக வேறு என்னென்ன போய்வருகிறது, மூடினால் மாற்று வழி இருக்கிறதா என்று ஒவ்வொரு வாசலுக்கும் தனியாகக் கேட்க வேண்டும். ஈஜிஎஃப்ஆரை மூடினால் தோல் வெடிக்கும். என்டிசிபியை மூடினால் ரத்தத்தில் ஓர் எண் கூடும். சீனியரிடம் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சரி, ஆனா தினமும் ஊசின்னா நம்ம ஜனங்க போட்டுக்குவாங்களா?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. விலையையும் சேர்த்துக் கேட்டிருந்தால் இன்னும் திணறியிருப்பேன்.

கீழாநெல்லியைப் பற்றிக் கேட்காத சொந்தக்காரர்கள் எங்கள் குடும்பத்தில் இல்லை, அதனால் அதையும் சொல்லிவிடுகிறேன். 1988இல் சென்னையைச் சேர்ந்த தியாகராஜன் குழுவினர், பிளம்பெர்க்கும் சேர்ந்து, லான்செட் என்ற மருத்துவ இதழில் எழுதினார்கள். கீழாநெல்லி சாப்பிட்டவர்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தத்திலிருந்து பி வைரஸின் மேலுறைப் புரதம் மறைந்தது, மற்றவர்களில் 4 சதவீதம் பேருக்கு மட்டும் என்று. உலகமே திரும்பிப் பார்த்தது. அப்புறம் வேறு நாடுகளில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் வரவில்லை. நம் ஊர்ச் செடியைச் சோதனைக்கு உட்படுத்திய அந்த முயற்சியை நான் மதிக்கிறேன். அதை நம்பி மாத்திரையை நிறுத்துகிறவர்களைப் பார்த்தால் பயமாக இருக்கிறது.

முதல் 24 மணி நேரம்

வாசலை மூடுவது என்று இவ்வளவு பேசியபின், அதை மிகச் சுலபமாகச் செய்யும் ஒன்றை விட்டுவிடக் கூடாது. ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியில் இருப்பது ஈஸ்ட்டில் தயாரித்த அதே மேலுறைப் புரதம், எங்கள் கார்டில் இரண்டாவது கோடாகத் தெரிவது. அதற்கு எதிராக உடம்பு தயாரிக்கும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் காத்திருந்து, வைரஸ் வந்ததும் அதன் உறையைச் சூழ்ந்துகொள்கிறது. அப்புறம் அதனால் ஈரல் செல்லில் ஒட்டவும் முடியாது, என்டிசிபியைப் பிடிக்கவும் முடியாது. இதுவும் நுழைவைத் தடுப்பதுதான், நம் செல்லைத் தொடாமலே. 1997இல் ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் இதை இங்கேயே தயாரித்த பிறகு விலை மளமளவென்று இறங்கியது. 2011 முதல் நாடு முழுக்க அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் இருக்கிறது. தம்பி பிறந்தபோது அது இல்லை.

தாயிடமிருந்து குழந்தைக்கு வருவதைத் தடுக்க வேண்டுமானால் முதல் ஊசி பிறந்த 24 மணி நேரத்துக்குள் விழ வேண்டும். ஆறாவது வாரத்தில் போடும் ஊசிகள் அதற்குப் பதிலாகாது. தாய்க்குப் பாசிட்டிவ் என்று முன்பே தெரிந்தால், பிறந்த 12 மணி நேரத்துக்குள் தயார்நிலை எதிர்ப்பொருளான இம்யூனோகுளோபுலினையும் வேறொரு தொடையில் போடுவார்கள். தாயின் ரத்தத்தில் வைரஸ் மிக அதிகமாக இருந்தால் கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் டெனோஃபோவிரும் கொடுப்பார்கள். 2018இல் தொடங்கிய அரசின் தேசியக் கல்லீரல் அழற்சித் தடுப்புத் திட்டத்தில் டெஸ்டும் மருந்தும் இலவசம். உங்கள் வீட்டில் யாராவது கர்ப்பமாக இருந்தால் முதல் செக்கப்பிலேயே ஹெபடைட்டிஸ் பி டெஸ்ட் எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். பிரசவம் ஆனதும் தடுப்பூசி அட்டையில் 'ஹெபடைட்டிஸ் பி, பிறந்தவுடன்' என்ற கட்டத்தில் அன்றைய தேதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வீட்டுக்குக் கிளம்புவதற்கு முன் நர்ஸிடம் கேளுங்கள்.